நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

காட்டுமூலை எஸ்டேட்,
போடிமெட்டுக்கு மேலே.
9.6.2025

மதிப்பிற்குரிய முனைவர் முத்துக்கண்ணன் அவர்களுக்கு,

கற்பகம் எழுதுகிறேன். உங்கள் மாமன் மகள்தான். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், அதனால் கல்லூரி விலாசத்துக்குத் தபால். அத்தை செத்த அன்றைக்கு நான் பேசியதற்கு இன்னும் கோபம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பெற்ற தாயின் முகம் பார்க்க மேலே ஏறி வராமல், "உடம்ப போடிக்கு எறக்கிருங்க, நான் அங்கன நிக்கிறேன்" என்று சொன்ன மகனை வேறு என்ன சொல்லித் திட்டுவதாம்? பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அத்தையின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் இறங்கினேன். சரி, அது முடிந்த கதை.

இப்போது எனக்குப் புத்தகம் வேண்டும். அருமைநாயகம் உபதேசியாரைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் மெதடிஸ்ட் சபை அனுப்பி இந்த மலைக்கு நடந்தே வந்தவர், நாம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியப் பாடின பாட்டையெல்லாம் கட்டினவர், எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஜெபவீட்டுச் சரிவில்தான் படுத்திருக்கிறார். அங்கே வரிசையாக எட்டுக் குழிகள். முதல் குழி அவருடையது. கடைசிக் குழி என் மகள் நிலாவுடையது.

மூன்று வருஷம் ஆகிறது. ஆடி மழையில் மண் சரிந்து ரோடு அடைந்து கிடந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயசு. கீழே இறக்க முடியவில்லை. உயிரோடும் முடியவில்லை, அப்புறமும் முடியவில்லை. உங்களுக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். வந்ததா, தெரியாது.

எஸ்டேட்டை வாங்கின புது முதலாளி அந்தச் சரிவை ஜேசிபி விட்டு உழுது புது ஏலச்செடித் தட்டை நடப்போகிறார். "இது ஏலக்காட்டு நிலம், கல்லறை கிடையாது" என்று கேரளத் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜூலை 14 விசாரணை. அங்கே ஒரு கிளார்க் இரக்கப்பட்டு, "அச்சடிச்ச புத்தகத்துல பெரிய மனுசன் குழின்னு இருந்தா கொண்டாங்க, யாரும் தொட மாட்டாங்க" என்றார்.

உபதேசியார் வாழ்க்கையைப் பற்றி என்னென்ன புத்தகம் இருக்கிறது, எதை முதலில் படிக்க வேண்டும், எங்கே கிடைக்கும், எந்தப் பக்கத்தில் அவர் இங்கே அடக்கமானது வருகிறது, எழுதுங்கள். நான் சபை ஆள் இல்லை, மாரியம்மனுக்கு விளக்கு போடுகிறவள்தான். ஆனாலும் பாதிரியார் கடைசியாக வந்து பதினைந்து வருஷமான அந்த ஜெபவீட்டைப் பூட்டித் திறக்கிறவள் நான்தான். என் பிள்ளையை மண்ணு மிஷின் தோண்டப்போகிறது. வெரசாகப் பதில் போடுங்கள்.

கற்பகம்


மதுரை
16.6.2025

அன்புள்ள கற்பகம்,

கடிதம் கிடைத்தது. குழந்தையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குத் தகவல் வந்தது. அன்றைக்கு ஒரு கருத்தரங்கில் இருந்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, மன்னித்துக்கொள்.

நீ கேட்ட நூல்கள் இவை. இந்த வரிசையிலேயே படி.

முதலில் "ஏலமலைக் கீர்த்தனைகள்". உபதேசியாரின் மருமகன் தொகுத்தது. பாட்டுகளுக்கு முன்னால் நான்கு பக்க முன்னுரை இருக்கிறது. பிறப்பு, படிப்பு, கல்யாணம் எல்லாம் அதில்தான் வருகிறது. புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, "மலைநாட்டு ஊழிய அறிக்கை". இங்கே இறையியல் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி உண்டு. எந்த எஸ்டேட்டில் எந்த வருடம் இருந்தார் என்பதற்கு இதுதான் ஆதாரம். படிக்க வறட்சியாக இருக்கும்.

மூன்றாவது, ஒரு வெள்ளைக்கார ஊழியப் பெண்மணி தன் அக்காவுக்கு எழுதிய கடிதங்கள், ஆங்கிலத்தில். ஒரு கடிதத்தில், மழையில் பதினோரு நாள் மலைவழி அடைபட்டதையும், "எங்கள் பாடகர்" காலமானதையும் சொல்கிறார். பெயரும் இல்லை, இடமும் இல்லை.

நான்காவது நான் எழுதியது, "அருமைநாயகம்: வாழ்வும் பாட்டும்". அது உனக்குத் தேவைப்படாது. பழைய பதிப்பு, பிழைகள் உண்டு. முதல் மூன்றையும் வைத்துக்கொண்டு வாதாடுவதே நல்லது.

முத்துக்கண்ணன்


காட்டுமூலை
23.6.2025

மச்சான்,

இனி மரியாதை எல்லாம் கிடையாது. "தேவைப்படாது" என்று நீ எழுதின அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் தேடிப் போனேன். உன்னைச் சின்ன வயசிலிருந்து தெரியும். பரீட்சையில் எந்தக் கேள்வி தெரியாதோ அதைப் பற்றித்தான் "அது முக்கியமில்ல" என்பாய்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல் ஈஸ்வரன் அண்ணன் ஜீப்பில் போடிக்கு இறங்கினேன். நூலகத்தில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். உன் படம் பின் அட்டையில் சிரிக்கிறது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரும்வரைக்கும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"உபதேசியாரின் உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, போடிநாயக்கனூரில் அடக்கம் செய்யப்பட்டது."

யார் இறக்கினது மச்சான்? நீ தோள் கொடுத்தாயா? எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை மேலே வந்து பார்க்க உனக்குக் கால் வலித்ததா? நீயும் நானும் அந்தக் குழிமேல் ஏறி விளையாடி, எங்கள் அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறோமே, அதுகூடவா மறந்து போயிற்று?

முதலாளியின் வக்கீல் கையில் என்ன புத்தகம் இருக்கிறதென்று நேற்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னான். உன் புத்தகம். அந்தப் பக்கத்தில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார்களாம். "ஒங்க அத்த மகன் எழுதுனதுதான கற்பகம்?" என்று கேட்டான். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

நீ இல்லாவிட்டால் நான் செத்துப்போக மாட்டேன். திரும்பி வந்து ஜெபவீட்டுத் தகரப்பெட்டியைக் குடைந்தேன். அடியில் சபையின் அடக்கப் பதிவேடு கிடைத்தது. கூரை ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர், பக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். அவர் பேர் தெரிந்தது. "வழி அடைபட்டதால் இங்கேயே" என்று ஒரு வரி தெரிந்தது. அதற்கு மேல் தூக்கினால் கிழிகிறது. காய்ந்தால் பிரியும். பிரித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிடுவேன். வெயில் என்பதே இல்லை இங்கே, மழை விடவில்லை. ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரில் என் சிநேகிதி காளீஸ்வரி இருக்கிறாள், கேட்டுப் பார்க்கிறேன்.

உன் புத்தகத்தை அந்தப் பதிவேடு தூக்கி எறியும். அன்றைக்கு வந்து பார்.

கற்பகம்


மதுரை
28.6.2025

கற்பகம்,

நீ திட்டியது எல்லாம் சரி.

அது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு நாள் இருந்தது. "அடக்கம் எங்கே?" என்று வழிகாட்டி ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். நம் ஊரில் மலையில் செத்தவரை யார் மலையில் விட்டிருக்கிறார்கள்? என் அப்பாவை இறக்கினார்கள். உன் தாத்தாவை டோலி கட்டி இறக்கினார்கள். யார் செத்தாலும் முதல் சோலி கீழே கொண்டுபோவதுதான். அந்தப் பழக்கத்தை வைத்து, அவரையும் இறக்கியிருப்பார்கள் என்று எழுதிவிட்டேன். சின்ன வயதில் நாம் ஏறி விளையாடிய மேட்டை வெறும் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். புத்தகத்தில் இல்லாததை நம்பக் கூடாது என்று அப்போதுதான் படித்து முடித்திருந்தேன்.

பதிவேடு கிடைத்தது பெரிய காரியம். அது ஒன்றே போதும், வேறு சாட்சி வேண்டாம். என்னை மட்டும் இதில் இழுக்காதே. பேராசிரியர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது, அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் போயிருக்கிறது. நான் தப்பு என்று நானே எழுதிக்கொடுத்தால் என் கதி என்ன?

முக்கியமான ஒன்று. நனைந்த பழைய காகிதத்தைச் சூட்டில் வைக்கவே கூடாது. நிழலில், காற்றில், பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத்தாள் செருகி, பத்து நாளானாலும் பொறுமையாக உலர்த்து. ஸ்டோர் பக்கமே கொண்டுபோகாதே.

முத்துக்கண்ணன்


காட்டுமூலை
4.7.2025

மச்சான்,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. போடியில் இரண்டு நாள் கிடந்து, மழையில் ஜீப்பு ஓடாமல் இன்னும் இரண்டு நாள்.

ஸ்டோரில் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் காளீஸ்வரி கதவைத் திறந்துவிட்டாள். பச்சைக்காய் பரப்புகிற வலைத்தட்டில், மேல் அடுக்கில் ஒரு ஓரமாக வைத்தேன். ஈரமாக உள்ளே போகிற காய் பக்குவமாக வெளியே வருகிறதே, காகிதம் வராதா என்றுதான் நினைத்தேன். இருபது வருஷமாக இந்த மலையில் நனைந்தது எதையும் நாங்கள் அங்கேதான் உலர்த்துகிறோம். நிலாவின் தொட்டில் துணியைக்கூட அங்கேதான் உலர்த்தினேன்.

சாயங்காலம் போய்த் தொட்டேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. கை வைத்த இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்து காய்க்குள் விழுந்தது. எழுத்து பழுப்போடு பழுப்பாகப் போய்விட்டது. "ஆத்தா, நான் என்னடி பண்ணுவேன்" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். காளீஸ்வரியும் அழுதாள். தூளை முந்தானையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதற்கு என்று கேட்காதே.

நானே என் கையால் கெடுத்துவிட்டேன். இன்னும் பத்து நாள். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அந்தப் பக்கம் உன் புத்தகம் இருக்கிறது.

உன் பதவி பெரிது, எனக்குத் தெரியாமல் இல்லை. எஸ்டேட்டில் பிறந்து அவ்வளவு தூரம் போனவன் நீ ஒருத்தன்தான். உன் காலில் விழுகிறேன் மச்சான், இதற்கு மேல் எப்படிக் கெஞ்சுவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் பால்பாண்டி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சரிவிலேயே மழையில் நிற்கிறார். "மொத மிஷின் எம்மேல ஏறட்டும்" என்கிறார். சொன்னால் செய்கிற ஆள்.

நீ எழுதினது தப்பு என்று நீ ஒருத்தன் சொன்னால் போதும்.

கற்பகம்


மதுரை
8.7.2025

கற்பகம்,

இத்துடன் நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட என் வாக்குமூலத்தின் நகல். அசல் தாலுகா அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் போய்விட்டது. என் நூலின் 112ஆம் பக்கச் செய்திக்கு ஆதாரம் எதுவும் இல்லை, அது என் ஊகம், தவறான ஊகம் என்று எழுதியிருக்கிறேன். அந்த வெள்ளைக்காரப் பெண்மணியின் கடிதத் தேதியும், ஊழிய அறிக்கையில் உபதேசியார் காட்டுமூலையில் இருந்த தேதியும் ஒன்றாக வருவதைக் காட்டியிருக்கிறேன். பதினோரு நாள் வழி அடைபட்டிருந்தபோது உடலை எப்படி இறக்க முடியும்? இந்தக் கேள்வியை நான் பதினோரு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

துறைத்தலைவர் கூப்பிட்டு, "உங்களுக்குப் பைத்தியமா சார்?" என்றார். பதவி விஷயம் இனிமேல் பேச்சில்லை.

14ஆம் தேதி நேரில் வருகிறேன். பால்பாண்டியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. ஏதாவது சாப்பிடச் சொல்.

முத்துக்கண்ணன்


காட்டுமூலை
16.7.2025

மச்சான்,

விசாரணையில் உன்னைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. பஸ்சுக்கு நேரமாயிற்று என்று நீ ஓடிவிட்டாய், உத்தரவை மலையாளத்தில் வாசித்ததால் உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஜெயித்துவிட்டோம் என்று நீ கையைத் தூக்கிக் காட்டினாய். நானும் தலையாட்டினேன். ஜீப்பில் ஏறின பிறகுதான் ஈஸ்வரன் அண்ணன் வரி வரியாகச் சொன்னார்.

பாடலாசிரியர் அருமைநாயகம் இங்கே அடக்கமானதை ஏற்கிறார்களாம். அந்த ஒரு குழியை மட்டும் விட்டுவிட வேண்டும். சுற்றிப் பத்தடி, அதற்கு வேலி. மற்ற குழிகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதால் முதலாளி நிலத்தை அவர் இஷ்டப்படி செய்துகொள்ளலாம். எது உபதேசியார் குழி என்று அடையாளம் காட்ட, 22ஆம் தேதி சர்வேயருடன் நீ வர வேண்டும். கல்லில் பேர் எதிலும் இல்லையே, அதனால்.

நான் கயிறு போட்டு அளந்து பார்த்தேன். உபதேசியாரிடமிருந்து நிலா முப்பத்தொரு அடி தள்ளி இருக்கிறாள். மூன்று தடவை அளந்தேன். முப்பத்தொன்றுதான்.

நிலாவுக்கு முந்தினது, நாலடி தள்ளி, மாயக்காள் பெரியம்மாவின் வீட்டுக்காரர் குழி. நடுவில் இருக்கிற ஐந்துக்கும் ஆள் இல்லை, அந்தக் குடும்பமெல்லாம் மலையை விட்டே போய்விட்டது. உபதேசியாரைப் பற்றி எழுத நாலு புத்தகம் இருக்கிறது. நாலு வருஷம் வாழ்ந்த பிள்ளையைப் பற்றி யார் புத்தகம் எழுதுவார்கள்?

நீ உன்னால் ஆனதைச் செய்துவிட்டாய், உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தோண்டி எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்று பால்பாண்டி சொல்கிறார். என்னால் முடியாது மச்சான். என்னால் அதைப் பார்க்க முடியாது.

கற்பகம்


மதுரை
25.7.2025

கற்பகம்,

22ஆம் தேதி சர்வேயரிடம் நான் சொன்னது நீ நின்றுகொண்டிருந்த இடம்வரைக்கும் கேட்டதா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் குழியைக் காட்டத்தான் வந்தேன். "ஏதா சாரே?" என்று சர்வேயர் மலையாளத்தில் கேட்டார். நடந்தேன். கால் முதல் குழியில் நிற்கவில்லை. கடைசிவரைக்கும் போய், சின்னச் சின்ன வெள்ளைக்கல் சுற்றிப் பதித்திருந்த அந்த மேட்டின் தலைமாட்டில் நின்று, "இதுதான்" என்றேன்.

அவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "இது கொழந்த குழி மாதிரி இருக்கே சாரே?" என்றார், நம் தமிழில். நான், "அடைமழையில் நீளமாகக் குழி வெட்ட முடியவில்லை, உட்கார வைத்து அடக்கம் செய்தார்கள்" என்றேன். உட்கார வைத்து அடக்கம் செய்கிறவர்கள் நம் ஊரில் உண்டு, மெதடிஸ்ட் சபையில் கிடையவே கிடையாது. அது அவருக்குத் தெரியவில்லை. மாயக்காள் பெரியம்மா உடனே முன்னால் வந்து, "ஆமா சாமி, ஒக்கார வச்சுத்தான் பொதச்சாக, எங்க மாமியா சொல்லும்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சர்வேயர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

முன்பு தெரியாமல் எழுதினேன். இப்போது தெரிந்தே. அதுவும் அரசாங்கக் காகிதத்தில், முனைவர் என்று போட்டு. தூக்கம் வரவில்லை. நம் உபதேசியார், எந்தப் புத்தகத்திலும் யாருக்கும் ஒரு தீங்கும் செய்ததாக நான் படிக்காத மனிதர், அவரைத் திறந்த நிலத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் முத்துப்பிரியா என்று ஒரு பெண், போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி, ஆய்வு செய்யப்போகிறாள். உபதேசியார் வாழ்க்கையைப் படிக்க எந்தெந்த நூல்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறாள். பட்டியல் எழுதிவிட்டேன். கல்லறை எங்கே என்றும் கேட்டிருக்கிறாள். அந்த இடத்தில் பேனா நிற்கிறது.

நீ ஒரு வார்த்தை சொல். உண்மையை எழுது என்றால் எழுதிவிடுகிறேன், வருவதைப் பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

முத்துக்கண்ணன்


காட்டுமூலை
11.8.2025

மச்சான்,

எழுதாதே. ஆய்வு செய்யப்போகிற அந்தப் பிள்ளைக்கு, வேலி போட்ட குழியையே சொல்.

இதைச் சொல்ல எனக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. முதலில் உண்மையை எழுது என்று ஒரு கடிதம் எழுதி, ஈஸ்வரன் அண்ணனிடம் கொடுத்து, ஜீப்பு கிளம்பினதும் பின்னாலேயே ஓடிப்போய்த் திரும்ப வாங்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை ஜேசிபி வந்தது. வேலிக்கு வெளியே எல்லாவற்றையும் நிரவிவிட்டார்கள். புதன்கிழமை தட்டை நடவு. சூப்பர்வைசர் ஆள் பிரித்தபோது அந்தச் சரிவுக்கு என்னைத்தான் போட்டான், வேண்டுமென்றே போட்டானா, தெரியாது. முதல் குழி இருந்த இடம் கண்ணை மூடிக்கொண்டாலும் எனக்குத் தெரியும். வேறு யாரையும் அங்கே வைக்க விடவில்லை. நானே மண்ணைக் கொத்தி, நானே தட்டையை ஊன்றி, காலால் மிதிக்காமல் கையால் அணைத்தேன். "அய்யா, கோவிச்சுக்கிறாதீக. நீங்க பெரியவரு, தாங்கிக்கிருவீக. அது சின்னது" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அன்றைக்கு முழுக்கப் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை.

நேற்று போடியிலிருந்து ஒரு வேன் நிறையச் சபை ஆட்கள் வந்தார்கள். பத்திரிகையில் செய்தி பார்த்தார்களாம். வேலிக்குள்ளே ஒரு கருங்கல் நட்டார்கள். உபதேசியார் பேர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், எல்லாம் வெட்டியிருக்கிறது. மாலை போட்டார்கள். சுற்றி நின்று அவர் பாட்டைப் பாடினார்கள். நிலாவைத் தொட்டிலில் போட்டு நான் பாடுகிற பாட்டு, "மழை அடைத்த வழியிலும் என் வாசல் வந்தவரே". நானும் கூட்டத்தோடு நின்று பாடினேன். இரண்டாவது அடியில் அழுகை வந்துவிட்டது, அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, வாய்விட்டே அழுதுவிட்டேன். பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

வந்தவர்களில் ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனசுக்காரர். "ஏம்மா, உபதேசியார் மேல ஒனக்கு இம்புட்டுப் பிரியமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

கற்பகம்